கருந்துளையை எப்படிப் படம் பிடித்தார்கள்?
ஒளியே வெளிவராத பொருளுக்கு ஏது படம் என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் தெரிவது கருந்துளை அல்ல. சுற்றியுள்ள சூடான வாயுவின் ஒளிவளையமும், நடுவே அதன் நிழலும்தான்.

முதலில் படம்பிடித்தது எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையை. அதன் வளையம் வானில் சுமார் 42 மைக்ரோ ஆர்க்செகண்டு அகலம் (ஆர்க்செகண்டு என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மைக்ரோ என்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 1.3 மி.மீ. அலைநீளத்தில் அதைப் பிரித்தறியப் பூமியளவு தொலைநோக்கி வேண்டும். அதற்குப் பதிலாக 2017 ஏப்ரலில் ஹவாய், சிலி, ஸ்பெயின் உள்ளிட்ட இடங்களின் ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிவுசெய்தன. நேரம் குறித்தது ஹைட்ரஜன் மேசர் அணுக்கடிகாரம். தரவு இணையத்துக்கு அடங்காது, எல்லாப் பதிவுகளையும் ஒன்றுசேர்க்க ஹார்டு டிஸ்குகள் விமானத்தில் போயின.

பெரிய தலைவலி காற்றிலுள்ள நீராவி. அலையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் வந்துசேர்கிறது என்பதை, சில நொடிகளிலேயே குலைத்துவிடும். அதனால்தான் உயரமான, வறண்ட மலைகளைத் தேடிப் போகிறார்கள். தொலைநோக்கிகள் சிலவே என்பதால் தரவில் ஓட்டைகளும் அதிகம், ஒரே தரவுக்குப் பல படங்கள் பொருந்தும். எனவே நான்கு குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே படம் உருவாக்கின. நான்கிலும் தெற்குப் பக்கம் பிரகாசமான வளையமே வந்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் பின்னால் பூசியது.