ஏரிக் கூடாரத்தை இருட்டாக்குவது எப்படி: கேள்வி பதில்

அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கம் வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளில் சிலர், குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் கூடாரமடித்து மீன் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள். கூடாரத்துக்குள் வெளிச்சம் புகுந்தாலோ துணி கிழிந்தாலோ, காரைக்குடியிலேயே தைத்து வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டாரைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் கூடாரத் துணி தைக்கும் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: என் பேரன் கூடாரத்துக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்கக் கூடாது என்கிறான். மீனைப் பார்க்க வெளிச்சம்தானே வேண்டும்?

ஆச்சி, உங்கள் பேரன் தூண்டில் போடுகிறவராக இருந்தால் அவ்வளவு இருட்டு தேவையில்லை. ஈட்டியால் குத்திப் பிடிக்கிறவராக இருந்தால் அவர் கேட்பது சரிதான். மின்னசோட்டாவில் நார்தர்ன் பைக் என்ற மீனையும், விஸ்கான்சினின் வின்னிபேகோ ஏரியில் பிப்ரவரி மாதத்தில் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். பனிக்கட்டியில் அகலமான துளை வெட்டி, அதன்மேல் கூடாரத்தை நிறுத்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றியுள்ள பனிக்கட்டியின் வழியாகப் பகல் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கும். கூடாரத்துக்குள் வெளிச்சம் இல்லையென்றால் தண்ணீரின் மேற்பரப்பு பளபளக்காது, அடித்தரை வரை தெளிவாகத் தெரியும். நம் வளவில் இருட்டான உள்ளறையில் உட்கார்ந்து பார்த்தால் வெயில் விழும் முற்றம் துல்லியமாகத் தெரிவதும், முற்றத்தில் நிற்பவருக்கு உள்ளறையில் இருப்பவர் தெரியாததும் போலத்தான் இது. மீனுக்கும் மேலே இருப்பவரின் அசைவு தெரியாது.

காரைக்குடி வாசகர்: அண்ணே, கூடாரத் துணி வெளிர் நீலம். கண்டாங்கிக்குச் சாயம் ஏற்றுகிறவர்களிடம் கொடுத்தால் கறுப்பாக்கித் தருவார்களா?

தர முடியாது, தம்பி. கண்டாங்கி பருத்தி. பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், அதோடு சாயத்தையும் வாங்கிக்கொள்ளும். இக்காலத்துக் கூடாரத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அது தண்ணீரை ஏற்காது, பருத்திச் சாயம் அதில் பிடிக்காமல் கழுவும்போதே போய்விடும். பாலியஸ்டருக்கென்று தனிச் சாயம் உண்டு. ஆலைகளில் அதை அழுத்தக் கலத்தில் 130 டிகிரி செல்சியஸ் அளவில் ஏற்றுகிறார்கள். வீட்டு அண்டாவில் கொதிக்கவைத்தால் திட்டுத்திட்டான சாம்பல் நிறம்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய கேடு, நீர் புகாமலிருக்கத் துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரிதேன் படலம் அந்தச் சூட்டில் உரிந்துவிடக்கூடும் என்பது. நிறத்தை மாற்றப் போய் நல்ல துணியை இழக்க வேண்டாம். இருட்டு வேண்டுமானால் உள்ளே தொங்கவிட இரண்டாவது துணி ஒன்று வேண்டும். நான் பார்த்த வரையில் நிலைத்து நிற்கும் வழி அது ஒன்றுதான்.

அதே வாசகர்: கறுப்புப் பெயிண்ட் அடித்தால்?

கடுங்குளிரில் மடிக்கும்போது மடிப்பு மடிப்பாக வெடித்து உதிரும். துணிக்குக் கொடுத்திருக்கும் தீத்தடுப்புத் தன்மையையும் அது கெடுக்கலாம். உள்ளே அடுப்பு எரிகிற இடத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

தேவகோட்டைத் தையற்காரர்: உள்துணி தைக்கச் சொல்லி ஒரு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எந்தத் துணி, எந்த ஊசி, எப்படித் தைப்பது? விவரமாகச் சொல்லுங்கள் ஐயா.

நல்ல கேள்வி. முதலில் துணி. வெளிச்சத்தை முழுவதும் மறைக்கும் திரைச்சீலைத் துணி நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது; ஆனால் பின்புறம் நுரை பூசியதை எடுக்காதீர்கள், குளிரில் விறைக்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக நெய்த, இருபுறமும் கறுப்பான பாலியஸ்டர் துணியே ஏற்றது. கடையிலேயே கைபேசி விளக்கைத் துணியின் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நெசவின் இடுக்குகளில் புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வேறு துணி பாருங்கள்.

எடையையும் கணக்கிட வேண்டும். ஆறடிச் சதுரமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கூடாரத்துக்கு நான்கு சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 17.6 சதுர மீட்டர் துணி வேண்டும். சதுர மீட்டருக்கு 150 கிராம் துணியென்றால் 2.6 கிலோ, 300 கிராம் துணியென்றால் 5.3 கிலோ. பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறவருக்கும், பனியில் இழுத்துச் செல்கிறவருக்கும் இந்த வேறுபாடு பெரியது.

தைக்கும்போது வெளிச்சம் புகுவது துணியால் அல்ல, தையலால்தான். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் இருட்டில் நட்சத்திரமாகத் தெரியும். ஆகவே இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, இரட்டைத் தையல் போடுங்கள்; மடிப்பில் துணி பல அடுக்காவதால் துளைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். பருத்தி நூல் ஈரத்தை இழுக்கும், பாலியஸ்டர் நூலையே போடுங்கள். 100 அல்லது 110ஆம் எண் ஊசியும், மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் தையல் நீளமும் போதும். உங்கள் சாதாரண இயந்திரமே இதற்குப் போதுமானது.

சுவரளவுக்கு இறுக்கமாகத் தைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் தளர்வு விட்டு, மூலைகளிலும் கூரையின் நடுவிலும் நாடாவும் கொக்கியும் வைத்துத் தொங்கவிடுங்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையில் காற்று நின்றால் உள்ளே குளிரும் குறையும், மூச்சின் ஈரம் உறைந்து மேலே சொட்டுவதும் குறையும். வெல்க்ரோ வேண்டாம், பனித்தூள் அடைத்துக்கொண்டால் ஒட்டாது. ஜன்னல்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது மேலே விழும்படி மடல் வையுங்கள். கீழே தரையில் படிந்து கிடக்க ஒரு முழம் கூடுதல் துணி விடுங்கள். அதன்மேல் அவர்கள் பனியை அள்ளிக் கொட்டிக்கொள்வார்கள்; அதிக வெளிச்சம் நுழைவது அந்த அடி விளிம்பில்தான்.

முடித்ததும் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, உள்ளே போய்ச் சில நிமிடம் கண் பழகும் வரை உட்காருங்கள். ஒளிப்புள்ளி தெரியும் இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, அங்கே உட்புறமாகக் கறுப்புப் பட்டை வைத்துத் தையுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: வெளிச்சுவர் ஒன்று முழுவதும் கிழிந்துவிட்டது. அந்தச் சுவரை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இது உள்துணியைவிடக் கடினமான வேலை. சுவரின் நடுவில் கம்பிகள் சந்திக்கும் குமிழை வெளியே தள்ளி விரிக்கும் வகைக் கூடாரத்தில் ஒவ்வொரு சுவரும் தட்டையான துணி அல்ல. நடுவில் சந்திக்கும் நான்கு முக்கோணங்கள், ஓரங்களில் மெல்லிய வளைவுடன் வெட்டப்பட்டவை. பழைய சுவரைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுத்து அதையே மாதிரியாக வையுங்கள். பழைய துணி இழுபட்டு நீண்டிருக்கும், ஆகவே எதிர்ச்சுவரின் அளவோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 300 முதல் 600 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையிலான பூச்சுப் பாலியஸ்டர் பொருந்தும். மூலைகளில் பல அடுக்கு சேர்வதால், தார்ப்பாயும் பையும் தைக்கிற கனமான இயந்திரம் உள்ளவரிடம் கொடுங்கள்.

புதுவயல் வாசகர்: கல்யாணப் பந்தல் துணி வீட்டில் சும்மா கிடக்கிறது. அது ஆகுமா?

ஆகாது. பருத்தியாக இருந்தால் ஈரம் குடித்து உறைந்து பலகையாகும், எடையும் அதிகம்.

பள்ளத்தூர் ஆச்சியே மீண்டும்: இப்படி எல்லா இடுக்கையும் அடைத்தால் உள்ளே இருப்பவனுக்கு மூச்சு?

ஆச்சி, எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதுதான். உள்ளே புரோப்பேன் எரிவாயு அடுப்பு எரியும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே கூடாரத்தின் காற்றுவழிகளை உள்துணி மூடவே கூடாது. கீழே ஒன்றும் மேலே ஒன்றும் திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் வராமலிருக்க அந்த இடத்தில் கறுப்புத் துணியால் ஒரு குழாய் தைத்து, வளைத்து விடலாம். காற்று வளைந்து வரும், ஒளி நேராகவே போகும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பேரனை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். துணி அடுப்பிலிருந்து எட்டியே தொங்க வேண்டும்.

காரைக்குடி வாசகர்: வெளிப்புறமும் கறுப்பாகவே இருக்கலாமா?

இருட்டுக்கு வெளி நிறம் முக்கியமல்ல. கறுப்பு வெயிலை வாங்கிச் சூடாகும். அது உள்ளே இருப்பவருக்கு இதம், ஆனால் அடிவிளிம்பின் பனி உருகி மீண்டும் உறைந்து துணியைப் பிடித்துக்கொள்ளும், அவசரத்தில் இழுத்தால் கிழியும். மேலும், ஏரிமேல் பனி வண்டிகள் ஓடும். சிவப்போ ஆரஞ்சோ தூரத்திலிருந்தே தெரியும். கூடாரத்தை இரவு முழுவதும் விட்டுச் செல்வதானால் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை இருக்க வேண்டும் என்று மின்னசோட்டாவில் விதியே உண்டு. புதிய சுவர் தைக்கும்போது அந்தப் பட்டையையும் சேர்த்தே தைத்துவிடுங்கள், பின்னால் ஒட்டுவது குளிரில் கழன்றுவிடும்.