இணையப் பக்கத்தில் ஒரு பொருளை வட்டப் பாதையில் தடங்கல் இல்லாமல் சுழல வைப்பது எப்படி?

படம் விட்டுவிட்டு நகர்கிறது, இரண்டு மூன்று சுற்றுக்குள் வட்டமும் அகன்றுகொண்டே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். திருவொற்றியூர் மாசித் திருவிழாவுக்காக எங்கள் தெரு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய இணையப் பக்கம் போட்டோம். அதில் ஒரு ராட்டினம் சுற்ற வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வட்டம் அகல்வதற்குக் காரணம், பொருள் இப்போது இருக்கும் இடத்தை வைத்து அடுத்த இடத்தைக் கணக்கிடுவது. நானும் அப்படித்தான் செய்தேன்: நிற்கும் புள்ளியிலிருந்து தொடுகோட்டின் திசையில் ஓர் அடி, அங்கிருந்து இன்னோர் அடி. தொடுகோட்டில் எடுத்துவைக்கும் எந்த அடியும் வட்டத்துக்கு வெளியேதான் போய் முடியும். ஓர் அடிக்கு 0.1 ரேடியன் (ரேடியன் என்பது கோண அளவு; முழுச் சுற்று 6.2832 ரேடியன்) என்று வைத்தால், ஒவ்வொரு முறையும் ஆரம் அரை சதவீதம்தான் வளர்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 63 அடிகள் ஆயிற்றே! 100 பிக்சல் (திரைப் புள்ளி) ஆரத்தில் கிளம்பிய என் ராட்டினப் பெட்டி முதல் சுற்றின் முடிவில் 137-இல் இருந்தது. அடுத்த சுற்றில் 187. பெட்டி எண்ணூருக்கே போய்விட்டது என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

பழைய இடத்தை மறந்துவிடுங்கள். தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தெரிந்தால் போதும். ஒரு சுற்றுக்கு 8 விநாடி என்றால், கடந்த விநாடிகளை 8-ஆல் வகுத்து 6.2832-ஆல் பெருக்கினால் கோணம் வந்துவிடும். பக்கவாட்டு இடம் = மையம் + ஆரம் × கொசைன்; மேல்கீழ் இடம் = மையம் + ஆரம் × சைன். எத்தனை நாள் ஓடினாலும் ஆரம் மாறாது. கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரிக் கணக்கில் 90 என்று கொடுத்துவிட்டு அரை நாள் விழித்தவன் சொல்கிறேன். திரையில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதால், சுழற்சி பள்ளிக் கணக்குப் புத்தகத்துக்கு நேர்மாறாகக் கடிகாரத் திசையில் போகும்.

விட்டுவிட்டு நகர்வது வேறு கதை. குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான செட் இன்டர்வல் (setInterval), திரை புதுப்பிக்கப்படும் கணத்தோடு ஒத்துப்போகாது. அதற்குப் பதில், திரை புதுப்பிக்கப்படும் முன் நம் கணக்கை ஓட்டும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் (requestAnimationFrame) பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தை மில்லி விநாடியில் அதுவே கொடுத்துவிடும். ஒரு ஃபிரேமுக்கு (திரை ஒரு முறை வரையும் படத்துக்கு) இத்தனை டிகிரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும், திரையில் நிதானமாகச் சுற்றியது, 120 ஹெர்ட்ஸ் போனில் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். இடத்தை முழு எண்ணாக்குவதும் குலுக்கலைத் தரும். வட்டத்தின் உச்சியில் உயரம் மிக மெதுவாக மாறுவதால், பொருள் சற்று நேரம் ஒரே மட்டத்தில் போய்விட்டுச் சட்டென ஒரு பிக்சல் இறங்கும். தசமத்தை வெட்டாமல் அப்படியே டிரான்ஸ்ஃபார்முக்கு (பொருளை நகர்த்தவும் திருப்பவும் உதவும் சிஎஸ்எஸ் பண்பு) கொடுங்கள்.

வெறுமனே சுற்றினால் போதும் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் (CSS) போதும். கடைசியில் எங்கள் பக்கத்தில் நிலைத்தது அதுதான். டிரான்ஸ்ஃபார்மில் முதலில் ரொடேட் (திருப்புதல்), அடுத்து ஆர அளவுக்குக் கீழ்நோக்கி டிரான்ஸ்லேட் (நகர்த்துதல்). கோணம் 0-விலிருந்து 360 டிகிரி வரை. வேகம் லீனியர் (ஒரே சீரானது) என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிரவுசர் ஈஸ் (மெல்லத் தொடங்கி மெல்ல முடிவது) என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் தயங்கும். கையால் தள்ளும் ராட்டினம் போல இருந்ததால் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது, நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பிழையை என் அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். உச்சிக்குப் போனதும் பெட்டியில் இருப்பவர்கள் ஏன் தலைகீழாகத் தொங்குகிறார்கள் என்று கேட்டாள். ரொடேட் பொருளையும் சேர்த்தே திருப்பிவிடுகிறது. நிஜ ராட்டினத்தில் பெட்டி அச்சில் தொங்குவதால் அதன் எடையே அதை நேராக்கிவிடும். திரையில் எடை ஏது? டிரான்ஸ்லேட்டுக்குப் பிறகு எதிர்த்திசையில் இன்னொரு ரொடேட், 0-விலிருந்து -360 வரை, சேர்த்தேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.