பறித்த மொட்டும் ஏறும் வெப்பமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விடியலில் பறித்த மல்லிகை மொட்டைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம். மாலையில் மலர வேண்டியது நடுப்பகலிலேயே வாய் திறந்துவிடுகிறது. ஏன்? (சங்கரன்கோவில் வட்டாரத்து விவசாயி)

பறித்த பிறகும் மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. அது தன்னிடமுள்ள சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. இதுதான் சுவாசம். பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும். 25 டிகிரியில் பறித்த மொட்டு 35 டிகிரியில் கிடந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் செலவிட வேண்டிய சர்க்கரையை ஒரே மணி நேரத்தில் தீர்த்துவிடும். இதழ்களை விரியச் செய்யும் வேலையும் அதே வேகத்தில் முடுக்கிவிடப்படுவதால், மொட்டு நேரத்துக்கு முன்பே மலர்ந்து, நேரத்துக்கு முன்பே வாடுகிறது.

சாக்கு இதை இன்னும் மோசமாக்குகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 2,870 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும். நெருக்கி அமுக்கிய சாக்கின் நடுவில் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. சூடு ஏற ஏறச் சுவாசம் கூடும்; சுவாசம் கூடக் கூட மேலும் சூடு ஏறும். கட்டி வைத்த சாக்கை அவிழ்த்து மையத்தில் கையை விட்டுப் பாருங்கள். ஓரத்து மொட்டு குளிர்ச்சியாக இருக்க, நடுவிலுள்ள மொட்டு வெதுவெதுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மார்க்கெட்டில் முதலில் பழுப்பேறுவது அந்த நடுப்பகுதிதான்.

ஆகவே வெயில் ஏறுமுன் பறியுங்கள். பறித்ததை வயலிலேயே குவிக்காமல் நிழலில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, வயல் சூடு தணிந்த பிறகே கட்டுங்கள். ஒரே பெரிய சாக்கைவிடக் காற்று புகும் சிறு மூங்கில் கூடைகள் நல்லவை. ஈரச் சாக்கு போர்த்துவதும் உதவும், ஆனால் ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி கிடைக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றில் அது நன்றாக வேலை செய்யும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் குறைவு. சாக்கின் ஈரம் மொட்டின் மேல் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: வாழைத்தாரும் பூவும் ஒரே அறையில் வைத்து விற்கிறோம். இதனால் பூ கெடுமா? (திருநெல்வேலி டவுன் கடைக்காரர்)

கெடக்கூடும். காயைப் பழுக்கவும் பூவை வாடவும் தூண்டும் எத்திலீன் வாயுவைப் பழுக்கும் வாழை மிகுதியாக வெளியிடும். கார்னேஷன் போன்ற பூக்களின் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு வாட, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த எத்திலீனே போதும். ஆர்க்கிட் பூவும் இதைத் தாங்காது. ரோஜாவில் இரகத்துக்கு இரகம் வேறுபடும். செவ்வந்தியும் கேந்தியும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வாகனப் புகையிலும் எத்திலீன் உண்டு. நசுங்கிய இதழும் பூஞ்சை பிடித்த பூவும் தாமே அதை உற்பத்தி செய்யும். அறை குளிர்ச்சியாக இருந்தால் இதே அளவு எத்திலீனால் நேரும் சேதம் வெகுவாகக் குறையும். வெப்பத்தில் பூ வாயுவை விரைவாக உணர்கிறது, தானும் அதிகமாக வெளியிடுகிறது. தாரை வேறு அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் காற்றோட்டமாவது வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் வெப்பம் கூடினால் எத்திலீனும் கூடிக்கொண்டே போகுமா? (பாளையங்கோட்டை தாவரவியல் மாணவி)

ஓரளவு வரைதான். செடியில் எத்திலீன் உருவாகும் வழியின் முக்கியக் கண்ணியான ஏசிசி என்னும் சேர்மத்தை 1979-இல் கலிஃபோர்னியாவில் ஆடம்ஸ், யாங் என்னும் ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஏசிசி உருவாகிறது. ஏசிசி ஆக்சிடேஸ் என்னும் நொதி அதை எத்திலீனாக மாற்றுகிறது. பல தாவரத் திசுக்களில் 30 டிகிரி வரை இது வேகம் பிடிக்கும்; 35-ஐத் தாண்டும்போது அந்த நொதி தளர்வதால் உற்பத்தி சரியத் தொடங்கும். சுவாசமோ அதன் பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். எனவே கடும் வெயிலில் எத்திலீன் குறைவதைப் பூவுக்குக் கிடைத்த ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்; பூவின் சர்க்கரை இருப்பு அப்போதும் வேகமாகக் கரைகிறது. இரண்டையும் ஒரே கோடாக வரைந்து படிப்பது தவறு.

கேள்வி: கோடையில்தான் மல்லிகை அள்ளிக் கொடுக்கிறது. பிறகு வெப்பம் எப்படிப் பகையாகும்? (மானூர் வாசகர்)

செடியிலுள்ள மொட்டுக்கு வேர் நீரைக் கொடுக்கிறது, இலை சர்க்கரையைக் கொடுக்கிறது. செலவு கூடினாலும் வரவு இருக்கிறது. அதனால்தான் கோடையில் வரத்து பெருகி, மார்கழிப் பனியில் குறைந்து விலை ஏறுகிறது. காம்பு அறுந்த கணமே வரவு நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரியும் கையிருப்பைத்தான் தின்னும்.

கேள்வி: எத்திலீனைத் தடுக்கும் வெள்ளிக் கரைசலை மல்லிகைக்குத் தெளிக்கலாமா?

வேண்டாம். வெள்ளித் தயோசல்பேட் நீண்ட காம்புள்ள கொய்மலர்கள் காம்பு வழியே உறிஞ்சிக்கொள்வதற்கான கரைசல். மல்லிகை மொட்டுக்கு உறிஞ்ச அத்தகைய காம்பு இல்லை. தலையில் சூடும் பூவில் கன உலோகம் படிவதையும் ஏற்க முடியாது. அந்தச் செலவை நிழற்பந்தலுக்கும் கூடைகளுக்கும் ஒதுக்குங்கள்.