சிவக்கும் உப்புநீர்: கேள்வி-பதில்

கே: உப்பளப் பாத்திகள் கோடையில் சிவப்பது ரசாயனக் கலப்பாலா?

இல்லை. நீர் வற்றி அதன் உப்படர்த்தி 20 டிகிரி போமேயை (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அளவு) தாண்டினால் பெரும்பாலான உயிர்கள் தாங்காது. உப்புவிரும்பிகள் மட்டும் பெருகும். உப்பு படியத் தொடங்கும் 25 டிகிரி போமே வாக்கில் ஹாலோஆர்க்கியாக்களே (கடும் உப்பில் வாழும் ஒருசெல் நுண்ணுயிர்கள்) அதிகம். அவற்றின் பாக்டீரியோரூபெரின் என்ற சிவப்பு நிறமிதான் பாத்தியைச் சிவக்க வைக்கிறது. சிவந்த நீர் வெயிலை நன்றாக உறிஞ்சிச் சீக்கிரம் வற்றும், உப்பளத்துக்கு லாபமே.

கே: ஹாலோஆர்க்கியாக்களில் ஒன்றான ஹாலோபாக்டீரியம் சாலினாரம் வளர்க்கிறோம். பத்து நாளாகியும் ஊடகம் தெளிவாகவே இருக்கிறதே?

முதலில் பெப்டோனை (ஊடகத்தில் உணவாகச் சேர்க்கும் செரித்த புரதம்) சந்தேகியுங்கள். சில வகைகளில் பித்த உப்புகள் கலந்திருக்கும். அவை இந்தச் செல்களை உடைத்துவிடும். வேறு தயாரிப்பை மாற்றிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு அளவு: சோடியம் குளோரைடு 250 கிராம், மக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறுடையது) 20, ட்ரைசோடியம் சிட்ரேட் 3, பொட்டாசியம் குளோரைடு 2, பெப்டோன் 10, பி.ஹெச். 7.2. 37 முதல் 40 டிகிரி செல்சியஸில் குலுக்கியபடி வையுங்கள். தொடக்கத்தில் விடும் விதை வளர்ப்பு நல்லதென்றால் ஒரு வாரத்தில் சிவக்கும். அகார் தட்டுகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும்; பிளாஸ்டிக் பையில் மூடாவிட்டால் ஈரம் போய் உப்பு பூத்துவிடும்.

கே: செல்களைக் கழுவியதும் நிறம் கழிவுநீரோடு போய்விட்டது. ஏன்?

வெறும் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள். உப்புச்செறிவு இறங்கியதும் செல் வெடித்துவிடும். கழுவுவதற்கு 25 சதவீத உப்புக்கரைசல்தான். மையவிலக்கில் படிந்ததும் மேல்நீரைச் சொட்டில்லாமல் வடித்துவிட்டு, அதன்பின் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். இப்போது வெடிப்பதுதான் நமக்குத் தேவை. பிறகு எத்தனாலோ அசிட்டோனோ சேர்த்து, இருட்டில், குளிரில் வைத்து நிறமியைப் பிரித்தெடுங்கள். உப்புநீர் மிச்சமிருந்தால் கரைப்பானில் வெள்ளையாகப் படியும். வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் வெளிறும். 13 இணை (ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த) இரட்டைப் பிணைப்புகள் கொண்ட பாக்டீரியோரூபெரின் மூலக்கூறு எளிதில் ஆக்சிஜனேற்றமடையும்.

கே: உப்புநீர்ப் பாசியான டுனாலியெல்லா சலைனா பச்சையாகவே நிற்கிறது. ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் எப்போது வரும்?

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை வராது. முதலில் 10–12 சதவீத உப்பிலும் போதிய நைட்ரேட்டிலும் பெருக்குங்கள். நெருக்கமாக வளர்ந்தபின் உப்பை 20 சதவீதத்துக்கு மேல் படிப்படியாக ஏற்றி, நைட்ரேட்டை நிறுத்தி, முழு வெயிலில் வையுங்கள். உலர்எடையில் 10 சதவீதம் வரைகூட பீட்டா கரோட்டின் சேரும். இந்தக் கட்டத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், அவசரப்பட்டு முன்பே வாட்டினால் விளைச்சலே இருக்காது. உறுதியான செல்சுவர் கிடையாது; வேகமான பம்பு செல்களைக் கிழித்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் ஆழமில்லாத பரந்த குளங்களில் வளர்க்கிறார்கள்.

கே: கருவாட்டில் இளஞ்சிவப்புப் படலம் வருகிறதே?

அதே ஹாலோஆர்க்கியாக்கள்தான், கடலுப்போடு வந்து, ஈரமும் வெக்கையும் கிடைத்தால் புரதத்தைச் சிதைத்து நாற்றமெடுக்க வைக்கும். மீனை நன்றாகக் காயவைத்து, 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் பரவாது. சிவந்த கருவாட்டில் படிந்த உப்பை உதறி மறுபடி பயன்படுத்தாதீர்கள். அடுத்த மீனும் சிவக்கும்.