வாசகர் கேள்வி பதில்: செத்துச் செத்துக் கற்பது நியாயமா?

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகைக் கட்டிப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் 'லிம்போ' என்றொரு விளையாட்டைக் கைப்பேசியில் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் காட்டுக்குள் ஒரு சிறுவன் நடக்கிறான். பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. புல்லுக்குள் கிடந்த இரும்புப் பொறியை மிதித்தான், தலை போயிற்று. மிதித்த பிறகுதான் அங்கே பொறி இருப்பதே தெரிகிறது. கடலுக்கடியில் 'பார்' என்று நாங்கள் சொல்லும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்பதைப் படகை அதன்மேல் ஏற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எந்தப் படகோட்டியாவது ஒப்புக்கொள்வாரா? இதை எப்படி நல்ல விளையாட்டு என்கிறார்கள்?
– விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

பதில்: பாரில் ஏறிய படகைக் கரைசேர்த்துப் பழுதுபார்க்க என்ன செலவாகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கேள்விக்கான விடையும் அந்தச் செலவில்தான் இருக்கிறது. லிம்போவில் தலை போன சிறுவன் சில விநாடிகளில், பொறிக்குச் சற்று முன்னால் மறுபடி எழுந்து நிற்கிறான். இத்தனை உயிர்தான் என்ற கணக்கோ, மதிப்பெண்ணோ, முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் தண்டனையோ அதில் கிடையாது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்தில் ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும் என்பதால், உயிர்களை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. 1985-இல் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்கூட மூன்று உயிர்களோடுதான் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட லிம்போ அந்தக் கணக்கையே தூக்கி எறிந்துவிட்டதால், அதில் சாவு என்பது கேட்ட கேள்விக்கு உடனே கிடைக்கும் பதிலாகிவிடுகிறது.

சொல்லே இல்லாத விளையாட்டு, 'இங்கே ஆபத்து' என்று வேறெப்படித்தான் சொல்லும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மகன் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரு ராட்சதச் சிலந்தி வழிமறிக்கும். அங்கே அதே இரும்புப் பொறியை அவன் கையால் இழுத்துக்கொண்டுபோய்ச் சிலந்தியின் கால் குத்தும் இடத்தில் வைக்க வேண்டும். அந்தப் பொறி என்ன செய்யும் என்பதைத் தன் தலையைக் கொடுத்துக் கற்றவனுக்கு இந்த யோசனையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முன்பு பட்ட அடி பின்னால் கருவியாகிற இந்த இடத்துக்காகவே நான் லிம்போவின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் எல்லா இடத்திலும் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். மேலிருந்து இறங்கி நசுக்கும் இயந்திரங்கள் அடுத்தடுத்து இரண்டு வருகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றில் நடுவிலுள்ள பலகையை மிதித்தால் சாவு. மற்றொன்றில் அந்தப் பலகையைத் தவிர வேறெங்கே மிதித்தாலும் சாவு. முன்னதில் கற்றதைப் பின்னதில் நம்பியவனைக் கொன்றுவிட்டுச் சிரிக்கிற வேலை இது; உங்கள் கோபம் இந்த இடத்துக்கு முழுக்கப் பொருந்தும். ஒரே மூச்சில், ஐந்து சாவுகளுக்கு மிகாமல் ஆடி முடிப்பவருக்கென்று இந்த விளையாட்டில் தனி விருது ஒன்று உண்டு. இடங்களை மனப்பாடம் செய்தவரால் அதை வாங்கிவிட முடியும் என்பது, இதன் கடினம் விரல் வேகத்தில் இல்லை, அறியாமையில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று.

கேள்வி: நண்பர்கள் இருவர் சேர்ந்து, வெறும் சதுரங்களையும் கோடுகளையும் வைத்துத் தாவிச் செல்லும் சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். கடினமாகவும் இருக்க வேண்டும், ஆடுபவர் வெறுத்துப்போகவும் கூடாது. எதைக் கவனிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: ஆங்கில 'வி' எழுத்தை ஆறு முறை அடுக்கிப் பெயராக்கி, டெர்ரி கேவனா 2010-இல் வெளியிட்ட விளையாட்டை முதலில் ஆடிப் பாருங்கள். அதில் தாவவே முடியாது. புவியீர்ப்பைத் தலைகீழாக்கிக் கூரைக்கும் தரைக்கும் மாறுவது ஒன்றே வழி. ஒவ்வோர் அறையும் ஒரே திரைக்குள் அடங்குவதால் முட்கள் பெரும்பாலும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகின்றன. செத்தால், நம் கை தவறியது என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். 2007-இல் வந்த 'ஐ வான்னா பி தி கை' இதற்கு நேர் எதிர். மரத்துக்கு மேலே போனாலும் ஆப்பிள் மேல்நோக்கி விழுந்து கொல்லும். அது வேண்டுமென்றே செய்த குறும்பு என்பதால் ரசிக்கலாம், ஆனால் அதைப் பின்பற்ற வேண்டாம்.

அடுத்தது, கைக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்கள். 2018-இல் வந்த செலஸ்ட் மிகக் கடினமானது என்று பெயரெடுத்தது. ஆனால் மேடையின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் 0.1 விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் தாவ விடுகிறது. ஆடுபவருக்கு இது தெரியவே தெரியாது. சரியான நேரத்தில் தாவிவிட்டோம் என்றே நினைப்பார். செத்தவர் மறுபடி எழுந்து தொடங்கும் இடமான செக்பாயிண்டைக் கடினமான தாவலுக்குச் சற்று முன்னால் வையுங்கள். சுலபமான நீண்ட நடையை ஒவ்வொரு முறையும் திரும்ப நடக்கவைத்தால் ஆட்டம் கடினமாகாது, சலிப்புத்தான் மிஞ்சும். பிறகு, விளையாட்டை இதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். "அங்கே தாவணும்" என்று சொல்ல நாக்குத் துடிக்கிற இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியவை அவையே.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் இப்படிப்பட்ட விளையாட்டுகளில் திரும்பத் திரும்பத் தோற்றுக் கைப்பேசியை வீசி எறிகிறாள். நிறுத்திவிடலாமா?
– குடும்பத் தலைவி, தொண்டி

பதில்: லிம்போ என்றால் இப்போதைக்கு வேண்டாம் சகோதரி; தலை துண்டாவதை அவள் பார்க்க வேண்டியதில்லை. வேறு விளையாட்டு என்றால், வேகத்தைக் குறைக்கவோ சாவையே நிறுத்திவைக்கவோ அமைப்புகளில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். செலஸ்ட்டில் இரண்டும் உண்டு. வேகத்தைப் பாதியாகவே குறைக்கலாம். அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று அண்ணன்மார் யாராவது கேலி செய்தால், அந்த வசதியை விளையாட்டைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.