மருத்துவர் எழுதாததை உங்கள் மகள் எழுதக் கூடாது

அன்புள்ள ஐயாவுக்கு,

நுண்ணுயிரியல் முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளின் மேசையில் கிடந்த ஒரு தாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘27 வயது ஆண், மூன்று நாளாகச் சிறுநீர்த்துளையிலிருந்து கசிவு’ என்று தொடங்கும் அந்தத் தாள் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. இதையெல்லாமா பெண் பிள்ளைக்குச் சொல்லித் தருவார்கள் என்று கேட்கிறீர்கள். இந்த வேலை நிலைக்குமா என்றும் கேட்கிறீர்கள். ஆலோசனைப் பணிக்கு வருமுன் நானும் சில ஆண்டுகள் சென்னையில் கோடராக இருந்தவள். அதனால் அந்தத் தாளை வைத்தே பேசலாம்.

அது பயிற்சிக்கான சார்ட், அதாவது மருத்துவர் எழுதும் நோயாளிக் குறிப்பின் மாதிரி. பெயர், பிறந்த தேதி எதுவும் அதில் இருக்காது. அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போனால், அந்தக் குறிப்பில் உள்ள நோயை ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுத் தொகுப்பின்படி குறியீடாக, அதாவது கோடாக, மாற்றிக் கொடுத்தால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இந்தத் தொகுப்புதான் நடைமுறையில் இருக்கிறது. அந்த மாற்றும் வேலையில் கணிசமான பங்கு சென்னைக்கும் கோவைக்கும் வருகிறது. உங்கள் மகள் நோயாளியைப் பார்க்கப் போவதில்லை. மருத்துவர் எழுதிய எழுத்தை மட்டுமே பார்ப்பாள்.

இனி நீங்கள் குறிப்பிட்ட அடுத்த வரிகளுக்கு வருகிறேன். ‘கொனோரியா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்’ என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்து, சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு இது என்னவென்று உடனே தோன்றும். நம் ஊரில் வெட்டை நோய் என்பார்களே, உடலுறவில் தொற்றும் அந்த நோய்தான். ஏ54 வரிசையில் அதற்கான கோடும் தயாராக இருக்கிறது. புதிதாக வருகிறவர்களின் கை நேராக அங்கேதான் போகும். கொடுத்த மருந்தே சொல்கிறதே என்று வாதாடுவார்கள். நானும் முதல் மாதத்தில் வாதாடியிருக்கிறேன். ஆனால் மருந்தை வைத்து நோயை எழுத கோடருக்கு உரிமை கிடையாது. வெளிநோயாளிக் குறிப்பில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’, ‘இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்’ என்றெல்லாம் இருந்தால் அந்த நோயைக் கோட் செய்யவே கூடாது என்று அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ வழிகாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவோ, அதை மட்டும் எழுத வேண்டும். இந்த மனிதருக்கு உறுதியாகத் தெரிந்தது கசிவு ஒன்றுதான். அது ஆர்36.

அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரத்தம் கலக்காத கசிவு என்றால் ஆர்36.0. விவரம் இல்லாத கசிவு என்றால் ஆர்36.9. குறிப்பில் இரத்தம் என்ற சொல்லே இல்லையென்றால், இரத்தம் இல்லை என்று நாமாக முடிவு செய்துவிடலாமா? கூடாது. மருத்துவர் பேசாமல் விட்டதை ‘இல்லை’ என்று வாசிக்கக் கூடாது. அப்போது ஆர்36.9தான் சரி. அதே மருத்துவர் ‘யூரித்ரைட்டிஸ்’, அதாவது சிறுநீர் வெளியேறும் பாதையின் அழற்சி, என்று தீர்மானமாக எழுதியிருந்தால் கதை வேறு. என்34 வரிசைக்குப் போக வேண்டும். கசிவு அந்த நோயின் அறிகுறியே என்பதால் அதைத் தனியாகச் சேர்க்கக் கூடாது.

அமெரிக்க மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்ற உள்நோயாளிக்கு விதி தலைகீழ். வீட்டுக்கு அனுப்பும்போதும் ‘இருக்கலாம்’ என்றே மருத்துவர் எழுதியிருந்தால், நோய் இருப்பதாகவே கோட் செய்ய வேண்டும். எச்.ஐ.வி. போன்ற சில நோய்களுக்கு மட்டும் அங்கேயும் உறுதிப்பாடு தேவை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கோட் ஒரு மனிதரின் பதிவேட்டில் தங்கிவிடுகிறது. பரிசோதனை முடிவு நோய் இல்லை என்று வந்த பிறகும், காப்பீட்டுக் கணக்கில் கொனோரியா என்று இருந்தால் அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கு விவரம் வீட்டுக்குத் தபாலில் போனால் மனைவி பிரித்துப் படிக்கக்கூடும். நீங்கள் கூச்சப்படும் அந்தத் தாளில் உங்கள் மகள் காப்பாற்றுவது ஒருவருடைய மானத்தை. பிரசவ வார்டில் பணியாற்றும் செவிலியரைப் பார்த்து நாம் கூசுவதில்லை. இவளிடமும் கூசுவதற்கு எதுவும் இல்லை, ஐயா.

பரிசோதனை முடிவு நோய் இருப்பதாகவே வந்துவிட்டால்? அப்போதும் ஆய்வகத் தாளை மட்டும் பார்த்து அவள் ஏ54 போட முடியாது. மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். ‘இது கொனோரியாதானே?’ என்று விடையை வாயில் ஊட்டும் கேள்வியாக அது இருக்கக் கூடாது. ‘இந்த முடிவின் மருத்துவப் பொருள் என்ன என்று பதிவு செய்யவும்’ என்ற வகையில் கேட்க வேண்டும். இப்படிக் கேள்வி எழுதத் தெரிந்தவர்களை நிறுவனங்கள் எளிதில் விடுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கணினியே கோட் போட்டுவிடுமே என்ற பயம் நியாயமானது. எளிய சார்ட்டுகள் மென்பொருளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எண்களை மனப்பாடம் செய்து வேகமாகத் தட்டுவது மட்டுமே தெரிந்தவர்களுக்கு நான் தைரியம் சொல்ல மாட்டேன். குறிப்பை வாசித்து, எது உறுதி, எது ஊகம் என்று பிரிக்கத் தெரிந்தவளுக்குத் பிறர் போட்ட கோடைச் சரிபார்க்கும் தணிக்கைப் பிரிவிலும், காப்பீட்டு நிறுவனம் மறுத்த பணத்தைக் கேட்டு எழுதும் மேல்முறையீட்டுப் பிரிவிலும் இடம் இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசும் வேலை அல்ல என்பதால் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட்தான் இருக்கும். சேரும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடர்களுக்கான சிபிசி (Certified Professional Coder) சான்றிதழ்த் தேர்வை அவள் எழுத வேண்டும். நான்கு மணி நேரம், 100 கேள்விகள், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் பட்டத்தோடு பயிற்சி நிலை என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை பார்த்தபின் அது நீங்கும். ‘வேலை உறுதி’ என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கேட்கும் மையம் என்றால் பணம் கட்டாதீர்கள். அங்கே சென்ற பேட்ச்சில் படித்த நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்று மாலை அவளிடம் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்து, என்ன கோட் போட்டாய், ஏன் போட்டாய் என்று கேளுங்கள். ஆர்36.9 என்று சொல்லி, காரணத்தையும் சொன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏ54 என்று சொன்னால் சனிக்கிழமை காலை அழைத்து வாருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறேன்.