வாளியும் நாணயமும் எடுத்துக்கொண்டு போங்கள்

வீடு பார்க்கிறவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார், கட்டட வேலையிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற பொறியாளர்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். அடுத்த வாரம் சாவி தருகிறார்களாம். "வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. – வாசகி, மேடவாக்கம்

சாவி வாங்குகிற நாளில் பார்க்காதீர்கள் அம்மா. அன்றைக்குப் பூ, தேங்காய், உறவுக்காரர்கள், போட்டோ என்று கூட்டம் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பகல் நேரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒரு வாளி, ஐந்து ரூபாய் நாணயம், டார்ச், போன் சார்ஜர் இருந்தால் போதும்.

முதலில் பாத்ரூம். வாளித் தண்ணீரைக் கதவோரமாக ஊற்றிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் தானாக நானி டிராப்புக்கு, அதாவது தரையில் தண்ணீர் இறங்குகிற ஜாலித் துளைக்கு, போய்ச் சேர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் மூலையில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. ஈசானிய மூலையைப் பார்க்க மூன்று பேரைக் கூட்டி வருகிறார்கள், பாத்ரூம் தண்ணீர் எந்த மூலைக்குப் போகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை! பாத்ரூம் தளத்தைப் பெரும்பாலும் கீழே இறக்கிப் போட்டு, குழாய் பதித்து, மேலே நிரப்பி டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்குகிற தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கசியும். அதனால்தான் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், ஒன்றிரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். "கட்டிப் பார்த்தீர்களா, போட்டோ இருக்கிறதா?" என்று சைட் இன்ஜினீயரிடம் கேளுங்கள். கூடவே உங்கள் பாத்ரூமில் தலைக்கு மேலே டார்ச் அடியுங்கள். மேல் வீட்டுக் கசிவு அங்கேதான் முதலில் ஈரமாகத் தெரியும்.

அப்புறம் ஜன்னல். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தில் மழைத் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். பட்டிப் பவுடரும் சிமென்டும் விழுந்து அவை அடைத்துக்கொண்டிருக்கும். தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே போனால் சரி. உள்பக்கம் வழிந்தால், ஐப்பசி அடைமழையில் சோபாவை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள்.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. டொக்கென்று கேட்டால் அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை. ஓரத்தில் ஒன்று இரண்டு என்றால் விட்டுவிடலாம். ஹால் நடுவிலோ, சமையல் மேடைக்கு முன்னாலோ என்றால் மாற்றச் சொல்லுங்கள், சிலிண்டர் உருட்டுகிற இடம். பிளக் பாயின்ட் ஒவ்வொன்றிலும் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

குறைகளைப் போட்டோவோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயப்படவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 14ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத் தரக் குறையையோ சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும்.

கேள்வி: திருவான்மியூரில் முப்பது வருஷத்துப் பழைய ஃபிளாட் ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. "இதற்கு எதற்கு இன்ஜினீயர் செலவு?" என்கிறார் என் கணவர். – வாசகி, அடையாறு

பத்திரச் செலவுக்கு லட்சங்களை எண்ணிக் கொடுக்கிறவர், இன்ஜினீயருக்குக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறாரா? விற்கிற வீட்டில் புதுப் பெயிண்ட் வாசனை வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதுவும் ஒரே ஒரு அறையின் சீலிங் மட்டும் புதுசாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கடலோரக் கட்டடங்களில் பெரிய நோய் கம்பித் துரு. நல்ல கான்கிரீட் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பும் ஈரமும் உள்ளே போய்விட்டால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதற்கு இடம் வேண்டுமே, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். பீமின் அடியில் கம்பி ஓடுகிற நெட்டுக்கு நேர்கோட்டில் ஒரு விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது இதுதான்.

ஓனர் தன் வீட்டுக்குள்தான் பெயிண்ட் அடித்திருப்பார். மாடிப்படிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் அவர் ஏன் செலவு செய்கிறார்? அங்கே போய்ப் பாருங்கள். படிக்கட்டின் அடிப்பக்கம், பால்கனியின் அடி, சன்ஷேடு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி. இந்த நான்கில் கம்பி எட்டிப் பார்த்தால் கட்டடம் முழுக்கவே வயதாகிவிட்டது. அசோசியேஷன் செயலாளரிடம், சமீபத்தில் ரிப்பேருக்கென்று தனியாகப் பணம் வசூலித்தார்களா என்றும் விசாரியுங்கள். வசூலித்திருந்தால் எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுக்காமல் வெறும் சிமென்டை அப்பியிருந்தால், அது திரும்ப விழும்.

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல். கொத்தனார் பட்டி வைத்து அடைத்தார். கோடையில் மறுபடியும் திறந்துகொண்டது. – வாசகர், கோவில்பட்டி

கோவில்பட்டி என்று படித்ததுமே பாதி பதில் வந்துவிட்டது, கரிசல் மண். மழையில் உப்பிப் பெருக்கும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகவில்லை என்றால் வீடும் கூடவே ஏறி இறங்கும். சுவரில் பலவீனமான இடம் ஜன்னல், கதவு மூலைதான். அதனால் அங்கே கிழியும்.

இப்போதைக்கு அடைக்காதீர்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். விரிசலின் இரண்டு நுனியிலும் ஒரு கோடு போடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடைந்தாலோ விரிசல் கோட்டைத் தாண்டினாலோ வீடு இன்னும் அசைகிறது. நாணயம் நுழைகிற அகலம் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், நேரில் ஆளை வரவழையுங்கள்.

அதுவரை வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சுவரோரம் வாழை வைத்துக் குளியல் தண்ணீரை விட்டிருக்கிறீர்களா? மழைக்குழாய் அஸ்திவாரத்து ஓரமாகவே கொட்டுகிறதா? அதையெல்லாம் தள்ளி விடுங்கள். வெளிப்பக்கம் வாட்டம் வைத்துச் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்டாலே பாதி அசைவு குறையும்.

தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர் கீழாக முடி போல ஒரு கோடு இருந்தால் அது வேறு. பூசும் முன் அந்த இணைப்பின் மேல் சிக்கன் மெஷ் என்கிற கம்பி வலையை அடிக்காமல் விட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை.

கேள்வி: மகன் வெளிநாட்டில். அவன் பூட்டிய வீட்டை மாதம் ஒருமுறை திறந்தால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம். – வாசகர், தஞ்சாவூர்

தரைத் துளைக்கு அடியில் இருக்கிற டிராப்பில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. அது காய்ந்துவிட்டது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் காயாது. ஊற்றியும் நாறினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கீசர் போட்டால் டிபி பாக்ஸில் (வீட்டு சுவிட்ச் பெட்டி) ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்துகிற சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேரடி கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை. – வாசகர், சேலம்

பிரச்சினை அப்படியே இருக்கிறது, சொல்லிக்கொண்டிருந்த கருவியைத்தான் வாயடைத்திருக்கிறீர்கள். வீடுகளில் வைக்கிற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும், மனிதர் மேல் பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்தாகும் முன் நிறுத்தவே அந்த அளவு. உங்கள் கீசரின் ஹீட்டிங் காயில் அரித்துக் கரன்ட் கசிகிறது என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கே கீசரை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வேறு எலக்ட்ரீஷியனை அழைத்து, ஆர்சிசிபியைப் பழையபடி இணைத்து, அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அழுத்தச் சொல்லுங்கள். டப்பென்று விழ வேண்டும். அந்தக் காயிலை மாற்றின பிறகே வெந்நீர்.